காந்தம் பொருத்திய ஜாய்ஸ்டிக்

என் மகளின் ஜாய்ஸ்டிக்கை நான் முதன்முதலாகத் திருகாணி கழற்றித் திறந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டின் சாப்பாட்டு மேசையில் பழைய நாளிதழை விரித்து, அதன் மேல் வைத்துத் திறந்தேன். அவள் எதிரே உட்கார்ந்து, வலது கையை மடியில் வைத்து, இடது கையால் அதை மூடியிருந்தாள். அந்த வருடம் முழுக்க அவள் அப்படித்தான் உட்கார்ந்தாள்.

"அதத் திறந்து என்னம்மா செய்யப் போற? கெட்டுப் போனது அது இல்ல. என் கைதான்."

"பார்த்துட்டுச் சொல்றேன்."

"நீ பார்க்காத நாளா? காலையில எழுந்ததும் என் மூஞ்சியப் பார்க்குறதுக்கு முன்னாடி என் கையத்தானே பார்க்குற."

அவள் சொன்னது உண்மை.

அவளுக்கு அப்போது இருபது வயது. கோலாலம்பூரில் பல் மருத்துவம் படிக்கச் சேர்ந்து முதல் வருடத்தை முடித்திருந்தாள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவளைக் கூட்டிக்கொண்டு, விடுதிக்கு ஒரு போர்வையும் வாளியும் வாங்கலாம் என்று நான் காரை எடுத்தேன். மேரு சாலையில் மழை. முன்னால் போன லோரி நின்றதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. பிரேக்கை மிதித்தேன், கார் நிற்கவில்லை. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. தடுக்க நீட்டிய அவளுடைய வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு சில மாதங்களில் கூடிவிட்டது. நரம்பு அடிபட்டிருக்கிறது, அது எப்போது சரியாகும் என்று சொல்ல முடியாது என்றார்கள். ஒரு பென்சிலையோ கரண்டியையோ மெல்லப் பிடித்தால் அவள் விரல்கள் நடுங்கும். இறுக்கிப் பிடித்தால் நடுக்கம் தெரியாது. ஆனால் ஒருவருடைய வாய்க்குள் எந்தக் கருவியையும் இறுக்கிப் பிடித்து வேலை செய்ய முடியாது.

பல்கலைக்கழகம் ஒரு வருடம் விடுப்புக் கொடுத்திருந்தது. அது முடிவதற்குள் கையின் நிலையை ஒரு பாரத்தில், அவர்கள் கொடுத்த படிவத்தில், எழுதி அனுப்ப வேண்டும். குணமாகிவிட்டது என்றால் இரண்டாம் வருடம், கருவி பிடித்துச் செய்யும் பயிற்சி தொடங்கும். குணமாகவில்லை என்றால் அந்த இடம் போய்விடும். பாரம் குளிர்சாதனப் பெட்டியின் மேல், ரொட்டி டின்னுக்கு அடியில் இருந்தது. பால் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அதன் ஓரம் என் கண்ணில் படும்.

என் கணவர் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. "அவ கை, அவ படிப்பு, அவளே முடிவு பண்ணட்டும்" என்பார். கார் ஓட்டியது அவர் இல்லை. அதனால் அப்படிச் சொல்ல முடிந்தது என்று நான் நினைத்துக்கொள்வேன். பிறகு அப்படி நினைத்ததற்காக வருந்துவேன். விபத்துக்குப் பிறகு நான் கார் ஓட்டவில்லை. வேலைக்குத் தொழிற்சாலை பஸ், மற்றதற்கெல்லாம் ஊர் பஸ். பக்கத்தில் ஏதாவது லோரி பிரேக் போட்டுப் பெருமூச்சு விடும் சத்தம் கேட்டால், உட்கார்ந்த இடத்திலேயே என் கால் தரையை மிதிக்கும். மகளோடு பஸ்ஸில் போகும்போது, அவள் வலது கையை எடுத்து என் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்து அழுத்திக்கொள்வேன். அழுத்தினால் நடுக்கம் நிற்கும். இரண்டு மூன்று நிறுத்தங்கள் வரை பொறுத்திருந்துவிட்டு, அவள் கையை உருவிக்கொள்வாள்.

வீட்டில் இருந்த கம்ப்யூட்டர், பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் நாத்தனார் வீட்டிலிருந்து வந்தது. அவர்கள் புதிது வாங்கியதும் பழையதை எங்களுக்குக் கொடுத்தார்கள். அதோடு விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றும், அதற்கான ஜாய்ஸ்டிக்கும் வந்தன. பிசியோதெரபியில் கொடுத்த ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி அலுத்துப்போயிருந்த என் மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். திரையில் ஒரு சின்ன விமானம். பிடியை விரல் நுனியால் லேசாக அசைத்தால் சாயும், நிமிரும், இறங்கும். மெல்லப் பிடிப்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை என்று பிசியோதெரபி செய்த பெண்ணும் சொன்னாள்.

ஆனால் விமானம் சொன்னபடி கேட்கவில்லை. அவள் பிடியை நடுவில் வைத்திருக்கும்போதே இடது பக்கம் சாயும். திடீரென்று துள்ளும். ஓடுபாதை நேராகத் தெரியும்போது ஒரு உதறு உதறிப் புல்லில் போய் விழும். ஒவ்வொரு தடவையும் அவள் திரையைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு கம்ப்யூட்டரின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டாள்.

நான் வேலை செய்வது மேருவில் தராசு செய்யும் ஒரு தொழிற்சாலையில். மின்னணுத் தராசுகளைச் சரிபார்த்து முத்திரை ஒட்டும் அறை என்னுடையது. நிற்காமல் குதிக்கும் எண்ணைப் பார்த்தால், முதலில் வைத்திருக்கும் பொருளைச் சந்தேகப்படக் கூடாது, தராசைச் சந்தேகப்பட வேண்டும் என்று பழகியவள். அதனால்தான் ஜாய்ஸ்டிக்கைத் திறந்தேன்.

உள்ளே இருந்தது நான் எதிர்பார்த்ததுதான். பழைய ரேடியோவில் சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குள் இருக்குமே, அதே சாமான். ஒரு கரித்தடம், அதன் மேல் உரசிக்கொண்டு போகும் ஒரு தகடு. ஒன்று இடம் வலத்துக்கு, ஒன்று மேல் கீழுக்கு. தடம் தேய்ந்து கரித்தூள் உதிர்ந்திருந்தது. ரேடியோ குமிழ் தேய்ந்தால் கரகரவென்று சத்தம் வரும். இங்கே அந்தக் கரகரப்பு விமானத்தைத் துள்ள வைத்தது.

நான் தூளைத் துடைத்த பஞ்சை அவளிடம் காட்டினேன். கருப்பாக இருந்தது.

"பாத்தியா? இதுதான் துள்ளுது. உன் கை இல்ல."

அவள் பஞ்சை வாங்கி, நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நிசமாவாம்மா?" என்றாள். குரல் சின்னப் பிள்ளையின் குரல் போல இருந்தது. அந்தக் குரலுக்காகத்தான் பிறகு நான் செய்ததையெல்லாம் செய்தேன்.

சுத்தம் செய்தது பத்து நாள்கூடத் தாங்கவில்லை. தேய்ந்த தடம் தேய்ந்ததுதான். அதே மாதிரிப் புதிதாக வாங்கிப் போட்டாலும் அதுவும் தேயும். எங்கள் தொழிற்சாலையில் ஓடும் பெல்ட்டின் மேல் சரக்கை எடை போடும் இயந்திரம் ஒன்று உண்டு. அதன் சக்கரத்தில் ஒரு காந்தம் இருக்கும். தொடாமல் சற்றுத் தள்ளி ஒரு சென்சார் இருக்கும். காந்தம் பக்கத்தில் வருவதும் போவதும் அதற்குத் தெரியும். எதுவும் எதையும் உரசாது, அதனால் தேய்மானமே இல்லை. ஜாய்ஸ்டிக்கிலும் அப்படிச் செய்தால் என்ன என்று தோன்றியது. உரசாத ஒன்று, பொய்யாகத் துள்ளாத ஒன்று வேண்டும். மனம் அதையே சுற்றிக்கொண்டிருந்தது.

மறுவாரம் வேலை முடிந்து பஸ் ஏறி, கோலாலம்பூரில் மின்னணுச் சாமான் கடைகள் இருக்கும் ஜாலான் பாசாருக்குப் போனேன். ஒரு சீனர் கடை. ரேடியோ பழுதுபார்க்கும் நம் ஆட்களிடம் கற்றுக்கொண்ட தமிழை மலாயோடு கலந்து பேசினார்.

"காந்த சென்சாரா? கிப்பாஸ் ரிப்பேரா ஆன்டி?"

"ஃபேனுக்கு இல்ல பாஸ். ஃபேன்ல போடுறது ஆன், ஆஃப் மட்டும் சொல்லும். எனக்குக் கொஞ்சம் கொஞ்சமா மாறுறதச் சொல்றது வேணும்."

"அடா லா, இருக்கு. எதுக்கு?"

களைப்பில் யோசிக்காமல், "ஏரோப்ளேனுக்கு" என்றேன்.

"அலாமாக்! ஏரோப்ளேனுக்கு என் கடையில வாங்குறாங்களா?" கடைக்குள் இருந்த மனைவியைக் கூப்பிட்டார். "இங்க பாரு, இனிமே பினாங்குக்கு பஸ்லதான் போகணும்!"

மூன்று கால் உள்ள, அரிசியைவிடச் சற்றுப் பெரிய இரண்டு சென்சார்களைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். பஸ்ஸில் வழி முழுக்க அதைக் கைக்குள்ளேயே வைத்திருந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் எனக்கு லேசாகச் சிரிப்பு வந்தது.

செய்வது அவ்வளவு சுலபமாக இல்லை. பழைய குமிழுக்குள் இருந்த கரித்தடத்தை எடுத்துவிட்டு, தண்டை மட்டும் வைத்துக்கொண்டேன். உடைந்த இயர்போனிலிருந்து எடுத்த சின்னக் காந்தத்தைத் தண்டின் முனையில் பசை வைத்து ஒட்டினேன். எதிரே சென்சார். இரண்டு குமிழ்களுக்கும் அப்படியே செய்தேன். பிடியை அசைத்தால் காந்தம் திரும்பும், சென்சார் சொல்லும் மின் அளவு ஏறி இறங்கும். மீட்டரில் அழகாகத் தெரிந்தது. கம்ப்யூட்டரில் மாட்டினால் விமானம் ஒரு மூலையில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

தொழிற்சாலையில் என் எதிர் மேசைக்காரனிடம் சொன்னேன். என்னைவிடப் பத்து வயது சின்னவன். நான் சரிசெய்யும் தராசை அவன்தான் சோதிப்பான், அவன் சரிசெய்வதை நான் சோதிப்பேன். அவன் மதிய நேரத்தில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தின் காகிதத்திலேயே படம் போட்டான்.

"கம்ப்யூட்டர் வோல்ட்டேஜைப் பார்க்குறது இல்லக்கா. உள்ள ஒரு சின்ன வாளி இருக்குன்னு வெச்சுக்குங்க. அது நிறைய எவ்ளோ நேரமாகுதுன்னு பார்க்கும். பழைய குமிழு பைப்பு மாதிரி, தண்ணியக் கூட்டும், குறைக்கும். உங்க சென்சாரு வாயால மட்டும் சொல்லுது. பைப்பைத் திறக்க ஆள் வேணும்ல?"

"அந்த ஆள் யாரு?"

"ஒரு டிரான்சிஸ்டர். டீ வாங்கிக் கொடுங்க, நானே தரேன்."

டிரான்சிஸ்டர் போட்டதும் விமானம் அசைந்தது. ஒரு காந்தத்தைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன் போலிருக்கிறது, மகள் மேலே இழுத்தால் கீழே போனது. "என் அம்மா செஞ்ச ப்ளேன், என்னை மாதிரியே சொல்பேச்சுக் கேக்காது" என்று அவள் சிரித்தாள். காந்தத்தைப் பிரித்துத் திருப்பி ஒட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாம் முடிந்தது. பிடியை யாரும் தொடாமல் வைத்தால் விமானம் நூல் பிடித்தது போல நேராகப் போனது. துள்ளல் இல்லை. சாய்வு இல்லை.

"வா, பிடிச்சுப் பாரு" என்றேன்.

அவள் உட்கார்ந்து பிடியை மெல்லப் பிடித்தாள். விமானத்தின் மூக்கு நடுங்கத் தொடங்கியது.

முன்பு இருந்த துள்ளல் வேறு. இது சின்னதாக, ஒரே சீராக, நிற்காமல் இருந்தது. திரையின் அடிவானம் பூராவும் மெல்ல ஆடியது. அவள் கையை எடுத்தாள். நின்றது. வைத்தாள். ஆடியது. மறுபடி எடுத்தாள்.

தேய்ந்த கரித்தடத்தின் கரகரப்புக்குள் ஒளிந்திருந்ததை நான் கஷ்டப்பட்டுத் துலக்கி அவள் முன்னால் வைத்திருந்தேன்.

"இன்னும் முடியல" என்று சொன்னேன். "சென்சார்ல கொஞ்சம் நாய்ஸ் இருக்கு, அதுதான் பொய்யா ஆட்டுது. அதுக்கு இன்னொரு சாமான் போடணும். போட்டா நின்னுடும்."

அவள் என்னைப் பார்த்தாள். நம்ப விரும்பிய முகம் அது. "சரிம்மா" என்றாள்.

மறுநாள் நான் மருத்துவ விடுப்பு எடுத்துக்கொண்டேன். அவள் பிசியோதெரபிக்குப் போனதும் ஜாய்ஸ்டிக்கைத் திறந்தேன். பாசார் சந்தையில் மீன் விற்பவர்கள் எங்களிடம் தராசு வாங்கும்போது, உயிர்மீன் தட்டில் துடித்தாலும் எண் ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்பார்கள். அதற்கு ஒரு வழி உண்டு. ஒரு கெப்பாசிட்டரைக் குறுக்கே போட்டால், சட்டென்று வரும் அசைவுகளை அது விழுங்கிவிடும். நிதானமான மாற்றத்தை மட்டும் விடும். எங்கள் அறையில் அதற்கு 'மீன் செட்டிங்' என்று பெயர். இரண்டு சென்சார்களுக்கும் மீன் செட்டிங் போட்டேன். நீல நிறக் கெப்பாசிட்டர்கள், பட்டாணி அளவு. பற்றவைக்கும்போது என் கை கொஞ்சமும் ஆடவில்லை.

அவள் மத்தியானம் வந்தாள், உட்கார்ந்தாள், பிடித்தாள். விமானம் அசையாமல் போனது. ஒரு வட்டம் அடித்துவிட்டு, ஓடுபாதையின் நடுக்கோட்டில் இறக்கினாள். இன்னொரு தடவை இறக்கினாள். நான்காவது தடவை எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"நாய்ஸ்தான்ம்மா! நீ சொன்னது சரி! நான் ஒரு வருசமா முட்டாள் மாதிரி..."

அடுத்த நாள் ரொட்டி டின்னுக்கு அடியில் பாரம் இல்லை. அவள் அறையில் மேசை மேல் இருந்தது. கையின் நிலை என்ற இடத்தில், முழுமையாகக் குணமடைந்துவிட்டது என்று இடது கையால் எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமை தபாலில் போடுவதாகச் சொன்னாள்.

இரண்டு நாள் நான் எதையும் சொல்லவில்லை. நம்பிக்கை வந்தாலே பாதி குணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் கருவி பிடிக்கும் நாளுக்குள் நிஜமாகவே சரியாகிவிடும் என்றும் சொல்லிக்கொண்டேன். வேலையில் ஒரே தராசை இரண்டு முறை சரிபார்த்தேன். புதன்கிழமை கிள்ளான் பாசாரிலிருந்து ஒரு தராசு திரும்பி வந்தது. எண் நிற்கவில்லையாம். எதிர் மேசைக்காரன் கெப்பாசிட்டரை மாற்றிப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"நம்பர் நின்னுடுச்சு பாருங்கக்கா. மீனுக்குத்தான் அது தெரியாது, பாவம், இன்னும் துடிச்சுக்கிட்டுக் கிடக்கு."

தினமும் அடிக்கும் ஜோக். நான் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போதும் நான் சொல்லியிருக்க மாட்டேன். சொல்ல வைத்தது ஒரு ஸ்டிக்கர்.

எங்கள் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சரிசெய்த ஒவ்வொரு தராசிலும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டுவோம். அதில் இரண்டு கோடுகள். ஒன்றில் சரிசெய்தவர் கையெழுத்து, மற்றதில் சோதித்தவர் கையெழுத்து. இரண்டும் ஒரே ஆளுடையதாக இருக்கக் கூடாது. தன் வேலையைத் தானே சோதித்தால் கண் ஏமாற்றும் என்பதால் அப்படி. என் சட்டைப்பையில் எப்போதும் சில ஸ்டிக்கர்கள் கிடக்கும். ஜாய்ஸ்டிக்கை மூடிய அன்று, பழக்கத்தில் ஒன்றை அடியில் ஒட்டி முதல் கோட்டில் என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். எனக்கே நினைவில்லை.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, அவள் ஜாய்ஸ்டிக்கைக் கவிழ்த்து வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இதுக்கும் ஸ்டிக்கரா! எங்க ஒட்டலன்னு சொல்லு. அப்பா முதுகுல இருக்கா?" பேனாவை எடுத்தாள். "சோதிச்சவர் இடம் காலியா இருக்கு. நான்தானே சோதிச்சேன்? நான் போடுறேன்."

பேனாவை வலது கையில் எடுத்திருந்தாள். பத்து மாதத்தில் முதல் முறை. நுனி ஸ்டிக்கரின் மேல் தொட்டது.

"போடாத" என்றேன்.

"ஏன்?"

"கையெழுத்துப் போடாதம்மா. நீ சோதிச்சது சரியான சோதனை இல்ல."

கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே சொன்னேன். நாய்ஸ் என்று ஒன்றும் இல்லை, ஆடியது உன் கைதான், அதை மறைக்க நான் ஒரு சாமான் போட்டிருக்கிறேன் என்றேன். மீன் செட்டிங் என்றும் சொல்லிவிட்டேன். அந்த வார்த்தை வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை.

அவள் பேனாவை மூடினாள். மூடி சரியாகப் பொருந்த இரண்டு மூன்று முறை ஆனது.

"நான் என்ன பாசார் மீனா?"

"இல்லம்மா..."

"நான் போய் ஒருத்தர் வாயில டிரில்லை வெச்சிருப்பேன். தெரியுமா உனக்கு? நீ போட்ட சாமானை நம்பி."

"தெரியும்."

"தெரிஞ்சும் ரெண்டு நாளு சோறு போட்டுக்கிட்டு இருந்த."

"ஆமா."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். அவள் அறைக்குப் போய் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அரிசி களைந்தேன். எதற்குக் களைகிறேன் என்று தெரியாமல் நான்கைந்து முறை தண்ணீர் மாற்றினேன். குக்கர் விசில் அடிக்கும்போது அவள் வெளியே வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அதை எடுத்துடு. நான் பார்க்கணும்."

சாப்பாட்டு மேசையில் மறுபடியும் நாளிதழை விரித்தேன். அவள் நின்றபடியே பார்த்தாள். சோல்டரிங் கம்பியைச் சூடேற்றி, ஒரு நீலக் கெப்பாசிட்டரை எடுத்தேன். அடுத்ததையும் எடுத்தேன். அவள் உள்ளங்கையை நீட்டினாள். சூடு ஆறட்டும் என்று ஊதிவிட்டு வைத்தேன்.

"இவ்ளோ சின்னதா?" என்றாள்.

பிறகு உட்கார்ந்து ஓட்டினாள். நான் பின்னால் நின்றேன். அடிவானம் ஆடியது. அவள் இந்தத் தடவை கையை எடுக்கவில்லை. ஆடிக்கொண்டே ஏறினாள், ஆடிக்கொண்டே திரும்பினாள். முதல் தடவை ஓடுபாதைக்கு முன்பே விழுந்தாள். இரண்டாவது தடவை புல்லில். கடைசியாக ஒரு சக்கரம் பாதையிலும் ஒரு சக்கரம் புல்லிலுமாக எப்படியோ நின்றது. அவள் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"இப்ப இதுல எதுவும் மறைக்கலியே?"

"எதுவும் இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஜாய்ஸ்டிக்கைக் கவிழ்த்து, சோதித்தவர் கோட்டில் வலது கையால் கையெழுத்துப் போட்டாள். எழுத்துகள் கோணல்மாணலாக, கோட்டைத் தாண்டிப் போயின. பிறகு பாரத்தை எடுத்து வந்து, எழுதியிருந்ததை ஒரே கோடாக அடித்துவிட்டு அதன் மேல் இடது கையால் எழுதினாள். எலும்பு கூடிவிட்டது, மெல்லப் பிடிக்கும்போது நடுக்கம் இருக்கிறது, நேரில் சோதித்து முடிவு சொல்லவும்.

"அழகா வேற தாள்ல எழுதி அனுப்பலாமே" என்றேன்.

"இல்ல. நான் முதல்ல என்ன எழுதுனேன்னு அவங்களும் பார்க்கட்டும்."

அவள் என்னோடு சரியாகப் பேச ஒரு மாதம் ஆனது. என் கணவரிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "நானா இருந்தாலும் போட்டிருப்பேன்" என்றார். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் சொன்னார். எனக்கு அதைக் கேட்க இன்னும் அதிகப் பயமாக இருந்தது.

பல்கலைக்கழகத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். நான் நடைபாதையில் ஒரு நீல நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே மெழுகுப் பல் ஒன்றைச் செதுக்கச் சொன்னார்களாம். ஏறக்குறைய ஒரு மணி நேரம். கதவைத் திறந்து வந்தவள், "போலாம்மா" என்றாள். படியில் இறங்கும்போதுதான் சொன்னாள்.

"கை நடுங்குச்சு. முன்னாடியே சொல்லிட்டேன்ல, அதனால யாரும் அதிர்ச்சி ஆகல. பல் மருத்துவம் கஷ்டம்னு சொல்லிட்டாங்க. மருந்தியலுக்கு மாறலாம், பரிந்துரை எழுதுறேன்னு ஒரு டாக்டர் சொன்னாரு. கடிதம் வரும்."

"உனக்கு அது பிடிக்குமா?"

"தெரியலம்மா. இப்ப எதுவும் கேக்காத."

கடிதம் பிறகு வந்தது. அவள் மாறிச் சேர்ந்து படித்தாள். இப்போது வேலையில் இருக்கிறாள். கை முன்பைவிடத் தேவலை, முழுதாக இல்லை. ஜாய்ஸ்டிக் எங்கள் அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. இப்போதெல்லாம் யாரும் தொடுவதில்லை. தேய ஒன்றும் இல்லாததால் இன்றைக்கு மாட்டினாலும் வேலை செய்யும்.

அந்தச் சோதனை முடிந்து அன்று திரும்பும்போது கிள்ளான் பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். பெட்டாலிங் ஜெயா தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவளுடைய வலது கை நழுவி என் மடியில் வந்து விழுந்தது. பஸ் குலுங்காத இடங்களிலும் விரல்கள் லேசாக அசைந்துகொண்டிருந்தன. வெளியே பக்கத்து வரிசையில் ஒரு லோரி பிரேக் போட்டது. என் கால் தரையை மிதித்தது. என் இரண்டு கைகளும் எழுந்தன, வழக்கம்போல அவள் கையைப் பிடித்து அழுத்த. நான் அவற்றைக் கைப்பையின் மேல் வைத்துக்கொண்டேன். கிள்ளான் வரைக்கும் அவள் விரல்கள் என் சேலை மேல் நடுங்கிக்கொண்டே வந்தன. நான் பார்த்துக்கொண்டே வந்தேன்.